படி இறங்கினாலும் களம் மாறாமல்: ஆட்குறைப்புக்குப் பின் கீழ்நிலை விற்பனைப் பணி

விற்பனைத் துறையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்து மேலாளர் நிலையை எட்டிய ஒருவர், நிறுவனத்தின் ஆட்குறைப்பில் வேலையை இழந்து, சில மாதத் தேடலுக்குப் பின், தாம் முன்பு மேற்பார்வையிட்ட பணியாளர்களின் நிலைக்கு இணையான பணியையே மீண்டும் ஏற்க நேர்வது இன்றைய இந்திய வேலைச் சந்தையில் அரிய நிகழ்வு அன்று. மருந்து நிறுவனத்தின் மண்டல மேலாளர் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் மெடிக்கல் ரெப்பாகவும், நுகர்பொருள் நிறுவனத்தின் ஏரியா மேனேஜர் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கும் விற்பனை அலுவலராகவும் மறுபடி தொடங்குவதைக் குடும்பமும் உறவும் வீழ்ச்சி என்று கருதுகின்றன; வேலையை ஏற்பவரும் பெரும்பாலும் அப்படியே எண்ணிக் கூசுகிறார். இந்தக் கூச்சத்தின் விளைவாகச் சிலர் ஏற்கத்தக்க வேலையை மறுத்து நெடுங்காலம் வீட்டில் இருந்துவிடுகின்றனர். வேறு சிலர் பதற்றத்தில் எந்த நிபந்தனையும் கேளாமல் ஏற்கத் தகாத வேலையில் சேர்ந்து, ஆறு மாதத்தில் மீண்டும் வேலை தேடும் நிலைக்கு வருகின்றனர். பதவியின் பெயரைக் கொண்டு மட்டும் முடிவெடுப்பதே இவ்விரு பிழைகளுக்கும் பொதுவான வேர். விற்பனையாளர் ஒருவர் படி இறங்குவதால் இழப்பது குறைவு, தாம் அறிந்த சந்தையை விட்டு வெளியேறுவதால் இழப்பது மிகுதி என்பதை ஆராய்ச்சிகளும் தொழிலாளர் சட்டமும் துறையின் நடைமுறையும் சேர்ந்து காட்டுகின்றன.

விற்பனைத் துறையின் படிநிலைகள்

சோப்பு, பிஸ்கட், தேயிலை போன்ற அன்றாட நுகர்பொருள்களை விற்கும் நிறுவனங்களில் அடித்தளமாக இருப்பவர் லைன் சேல்ஸ்மேன். இவர் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாமல், ஊர்தோறும் உள்ள வினியோகஸ்தரின் சம்பளப் பட்டியலிலேயே இருப்பார். எந்தக் கிழமையில் எந்தெந்தத் தெருக்களின் கடைகளுக்குச் செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட பாதைக்கு பீட் என்று பெயர். ஒரு பீட்டில் ஒரு நாளைக்கு 30, 40 கடைகள் இருப்பது வழக்கம். இவருக்கு மேல் நிறுவனத்தின் நேரடி ஊழியரான விற்பனை அலுவலரும், அவருக்கு மேல் ஏ.எஸ்.எம். எனப்படும் ஏரியா சேல்ஸ் மேனேஜரும், அதற்கும் மேல் பிராந்திய, மண்டல மேலாளர்களும் உள்ளனர். நிறுவனம் வினியோகஸ்தருக்கு விற்பதை பிரைமரி என்றும், வினியோகஸ்தர் கடைகளுக்கு விற்பதை செகண்டரி என்றும் துறையில் குறிப்பிடுகின்றனர். மேலே செல்லச் செல்ல ஒருவரின் கவனம் கடைக்காரரிடமிருந்து விலகி, இந்த இரண்டு எண்களின் மீதும், தம் கீழுள்ளவர்களின் எண்கள் மீதும் குவிகிறது.

மருந்துத் துறையிலும் அமைப்பு ஏறத்தாழ இதுவே. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மருத்துவர்களைச் சந்தித்து, மருந்துக் கடைகளில் இருப்பு நிலவரத்தை விசாரித்து, மருந்து வினியோகஸ்தரான ஸ்டாக்கிஸ்டிடம் சரக்கு நகர்கிறதா என்று பார்க்கும் மெடிக்கல் ரெப்புக்கு மேல், வட்டார, பிராந்திய, மண்டல அளவில் மேலாளர்கள் இருக்கின்றனர். மென்பொருள் நிறுவனங்களிலோ படிநிலை வேறு வகையில் பிரிகிறது. வாங்கக்கூடிய நிறுவனங்களைக் கண்டறிந்து, தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் அணுகி, ஒரு சந்திப்பை உறுதிசெய்து தருவது தொடக்கநிலைப் பணியாளரின் வேலை. அந்தச் சந்திப்பை ஒப்பந்தமாக முடிப்பது அவருக்கு மேல்நிலையில் உள்ளவரின் வேலை. 2011இல் ஆரன் ராஸ், மேரிலூ டைலர் இருவரும் எழுதிய நூலால் பரவலான இந்தப் பிரிவினையைச் சென்னையின் மென்பொருள் நிறுவனங்களிலும் காணலாம். எந்தத் துறையானாலும் கீழ்ப்படியில் இருப்பவரே வாங்குபவரை நேருக்கு நேர் சந்திக்கிறார் என்பதும், மேற்படிகளின் எண்ணிக்கை நிறுவனத்தின் வசதிக்கேற்பக் கூடியும் குறைந்தும் வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கவை.

நடுப்படிகள் ஏன் வெட்டப்படுகின்றன

ஆட்குறைப்புக்கு உள்ளாகிறவர் தம் திறமைக் குறைவே காரணம் என்று எண்ணுவது இயல்பெனினும், விற்பனைத் துறையின் நடுநிலைப் பதவிகள் குறைவதற்குத் தனிமனிதரைச் சாராத காரணங்கள் பல உள்ளன. 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வருவதற்கு முன், மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் சரக்குக்கு மத்திய விற்பனை வரி செலுத்த வேண்டியிருந்ததால், அதைத் தவிர்க்க நிறுவனங்கள் மாநிலந்தோறும் கிடங்குகளை வைத்திருந்தன. வரிமுறை மாறியதும் இந்தக் கிடங்குகளுக்கான காரணம் மறைந்தது. பல மாநிலங்களுக்கு ஒரே பெருங்கிடங்கு என்ற ஏற்பாட்டுக்கு நிறுவனங்கள் மாறியபோது, கிடங்குகளைச் சுற்றி அமைந்திருந்த சில பொறுப்புகளும் தேவையற்றவை ஆயின. அடுத்ததாக, விற்பனையாளர் கைப்பேசிச் செயலியில் ஆர்டரைப் பதிவு செய்யும்போதே அவர் நிற்கும் இடமும் நேரமும் தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுவதால், அறிக்கைகளைத் திரட்டித் தொகுத்து மேலே அனுப்புவதையே முதன்மைப் பணியாகக் கொண்ட மேலாளரின் தேவை சுருங்கியது. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது ஒரே ஊரில் இரண்டு மேலாளர்கள் மிஞ்சுவதும், அவர்களுள் ஒருவர் வெளியேற்றப்படுவதும் மூன்றாவது காரணம்.

இந்த மூன்று மாற்றங்களும் மேற்பார்வையின் அளவைக் குறைத்தனவே ஒழிய, கடைக்காரரையும் மருத்துவரையும் நேரில் சந்திக்கும் பணியை அதே அளவில் குறைத்துவிடவில்லை. எனவே வெளியேற்றப்பட்ட மேலாளர் கண்ணில் முதலில் தென்படும் காலியிடங்கள் கீழ்ப்படியிலேயே இருப்பதில் வியப்பில்லை.

காத்திருப்பதும் இறங்குவதும்: ஆராய்ச்சிகள் காட்டுவது

வேலையிழப்பின் பொருளாதார விளைவு நீண்டது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. லூயிஸ் ஜேக்கப்சன், ராபர்ட் லலோண்ட், டேனியல் சல்லிவன் ஆகியோர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத் தொழிலாளர்களின் பதிவுகளைக் கொண்டு 1993இல் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலம் ஒரே நிறுவனத்தில் பணிபுரிந்து பெருமளவு ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டவர்கள், ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், முன்பு ஈட்டியதில் ஏறத்தாழ 25 விழுக்காட்டை இழந்தே இருந்தனர் என்று கண்டறிந்தனர். அந்நாட்டின் சூழல் இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், ஒரு நிறுவனத்துக்குள் சேர்த்த அனுபவத்தின் ஒரு பகுதி வெளிச்சந்தையில் விலைபோகாது என்ற அடிப்படை உண்மையை அது உணர்த்துகிறது. பழைய சம்பளமே வேண்டும் என்று காத்திருப்பவர், சந்தை இனி அதே வடிவில் தராத ஒன்றுக்காகக் காத்திருக்க நேரலாம்.

காத்திருப்புக்கும் விலை உண்டு. கோரி க்ராஃப்ட் உள்ளிட்ட மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்காவின் 100 பெருநகரப் பகுதிகளில் ஏறக்குறைய 3,000 வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி, வேலையின்றி இருந்த காலத்தை மட்டும் மாற்றிப் பார்த்தனர். அந்தக் காலம் நீள நீள நேர்காணல் அழைப்புகள் குறைந்தன. குறைவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. இதைக் கொண்டு கிடைத்த வேலையை உடனே பற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவு கட்டவும் இயலாது. சமூகவியலாளர் டேவிட் பெடுலா 2016இல் வெளியிட்ட இதே வகை ஆய்வில், தம் திறனுக்கு மிகக் குறைந்த வேலையில் இருந்த காலம், ஓராண்டு வேலையின்றி இருந்ததற்கு இணையான தடையாக அமைந்தது தெரியவந்தது.

முரண்பட்டவை போலத் தோன்றும் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்கும்போது விற்பனைத் துறையினருக்குப் பயன்படும் வேறுபாடு ஒன்று புலப்படுகிறது. திறனோடு தொடர்பில்லாத வேலைக்குச் செல்வது ஒன்று. அதே திறனை, அதே வகை வாடிக்கையாளரிடம், சற்றுக் கீழான பதவியிலிருந்து பயன்படுத்துவது மற்றொன்று. இதய நோய் மருந்துகளை விற்ற மேலாளர் அதே மருத்துவர்களைச் சந்திக்கும் ரெப்பாகச் சேர்ந்தால் அவருடைய அனுபவத்தில் தொடர்ச்சி அறுபடுவதில்லை. அவரே கடன் அட்டை விற்கும் தொலைபேசிப் பணிக்குச் சென்றால் தொடர்ச்சி அறுபடுகிறது, பின்னர் அதை விளக்குவதும் கடினமாகிறது. எந்தக் கடைக்காரர் சொன்ன தேதியில் பணம் தருவார், எந்த ஸ்டாக்கிஸ்ட் மாதக் கடைசியில் கூடுதல் சரக்கு எடுப்பார், எந்த மருத்துவமனையில் கொள்முதல் முடிவு யாரிடம் இருக்கிறது என்பன போன்ற, அன்றாடம் புதுப்பிக்கப்பட வேண்டிய அறிவே விற்பனையாளரின் மூலதனம். சந்தையை விட்டு விலகி நிற்கும் ஒவ்வொரு மாதமும் அது தேய்ந்துகொண்டே போகிறது.

விற்பதும் மேலாண்மை செய்வதும் இரு வேறு தொழில்கள்

மேலாளர் பணி விற்பனைப் பணியின் உயர்ந்த வடிவம் என்ற பொதுவான நம்பிக்கையும் மறுஆய்வுக்கு உரியது. ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ ஆகிய மூவர், 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றிய தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வு, நிறுவனங்கள் மிகுதியாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு தருகின்றன என்பதையும், அவ்வாறு உயர்த்தப்பட்டவர்களுள் முன்பு மிகுதியாக விற்றவர்களின் கீழ் இயங்கிய குழுக்களின் செயல்பாடு தாழ்வாக இருந்தது என்பதையும் காட்டியது. ஒவ்வொருவரும் தம் திறமைக்கு எட்டாத படிவரை உயர்த்தப்படுகின்றனர் என்று லாரன்ஸ் பீட்டர் 1969இல் முன்வைத்த பீட்டர் கோட்பாட்டுக்குச் சான்றாக இந்த ஆய்வு அமைந்தது. விற்கும் திறனும் விற்பவரை வழிநடத்தும் திறனும் வெவ்வேறானவை என்பதால், மேலாளர் பதவியிலிருந்து நேரடி விற்பனைக்குத் திரும்புகிறவர் தாழ்ந்த தொழிலுக்குச் செல்கிறார் என்று சொல்ல இயலாது. அவர் தாம் முதலில் சிறந்து விளங்கிய தொழிலுக்குத் திரும்புகிறார் என்பதே பல நேர்வுகளில் பொருத்தமான விளக்கம்.

ஆனால் வேலை தரும் நிறுவனம் இதை அப்படிக் காண்பதில்லை. தகுதி மிகுந்தவர் சலித்துப் போவார், நல்ல வாய்ப்பு வந்ததும் விலகிவிடுவார், இளைய மேலாளரின் சொல்லைக் கேட்கமாட்டார் என்ற மூன்று ஐயங்கள் நேர்காணலில் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ எழுகின்றன. பெரின் எர்டோகன், டால்யா பவர் இருவரும் துருக்கியின் சில்லறை விற்பனைக் கடைத்தொடர் ஒன்றின் 25 கடைகளில் 244 பணியாளர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. தம் வேலைக்குத் தேவையானதைவிடத் தம் தகுதி மிகுதி என்று கருதியவர்களின் உண்மையான விற்பனை அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. அவர்கள் மனக்குறை கொண்டு விலகும் போக்கோ, பணியில் முடிவெடுக்கும் உரிமையும் தம் செயலுக்குப் பயன் உண்டு என்ற உணர்வும் தரப்பட்ட இடங்களில் தணிந்தது. அனுபவம் மிக்கவரைக் கீழ்நிலையில் அமர்த்தும் நிறுவனம், பீட்டை மாற்றி அமைப்பதிலோ புதியவர்களுக்குப் பயிற்சி தருவதிலோ அவருக்கு ஓரளவு பொறுப்பு அளித்தால் இரு தரப்புக்கும் நன்மை உண்டு என்பதே இதன் பொருள்.

நேர்காணலில் ஆட்குறைப்பைப் பற்றிப் பேசும் முறையும் முக்கியமானது. ராபர்ட் கிப்பன்ஸ், லாரன்ஸ் காட்ஸ் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, ஆலை முழுவதும் மூடப்பட்டதால் வேலை இழந்தவர்களைவிட, இயங்கிக்கொண்டிருந்த நிறுவனத்திலிருந்து தேர்ந்தெடுத்து நீக்கப்பட்டவர்கள் குறைந்த ஊதியமே பெற்றனர் என்று காட்டியது. முன்னவர்கள் மீது திறமை பற்றிய ஐயம் விழுவதில்லை என்பதே இதற்கு அவர்கள் தந்த விளக்கம். ஆகவே ஒரு பிரிவோ ஒரு கிளையோ முற்றிலும் மூடப்பட்டிருந்தால் அந்த உண்மையை விண்ணப்பதாரர் முதலிலேயே தெளிவாகச் சொல்லுதல் நலம். அவ்வாறு இல்லாத நிலையில், கடைசி ஆண்டுகளின் இலக்கையும் எட்டிய அளவையும் எண்களாக முன்வைப்பது ஐயத்தைப் போக்கும். வேறு பல துறைகளுக்கு இல்லாத இந்த வசதி விற்பனைத் துறைக்கு உண்டு.

சம்பளத்தின் உள்ளமைப்பு

கீழ்நிலை விற்பனைப் பணியின் சம்பளம் இரண்டு பகுதிகளால் ஆனது. விற்றாலும் விற்காவிட்டாலும் கிடைப்பது நிலையான ஊதியம். டார்கெட் எனப்படும் மாத இலக்கை எட்டிய அளவுக்கேற்பக் கிடைப்பது இன்சென்டிவ் எனப்படும் ஊக்கத்தொகை. வேலை தருபவர் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வார். வேலை ஏற்பவரோ பிரித்தே பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் 65,000 ரூபாய் என்று சொல்லப்படும் வேலையில் நிலையான பகுதி 45,000 ரூபாயும், முழு இலக்கை எட்டினால் கிடைப்பது 20,000 ரூபாயும் ஆகலாம். இலக்கில் 80 விழுக்காட்டுக்குக் கீழ் விற்றால் ஊக்கத்தொகையே இல்லை என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தால், 79 விழுக்காடு விற்ற மாதத்தில் கையில் வருவது 45,000 ரூபாய் மட்டுமே. வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை, மருத்துவம் ஆகியவற்றுக்குக் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் தேவையெனில், இந்த வேலை மாதந்தோறும் 5,000 ரூபாய் பற்றாக்குறையுடன்தான் தொடங்குகிறது. ஊக்கத்தொகையைக் குடும்பக் கணக்கில் சேர்க்காமல், நிலையான ஊதியத்தை மட்டும் வரவாகக் கொண்டு கணக்கிடுவதே பாதுகாப்பானது.

பணியில் சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. அந்தப் பகுதியில் முன்பிருந்தவர் இலக்கில் எவ்வளவு எட்டினார், ஏன் விலகினார் என்பது முதலாவது. ஆண்டுக்கு மூவர் மாறிய பகுதியில் குறை பெரும்பாலும் ஆளிடம் இருப்பதில்லை. இலக்கு எப்போது, எந்த அடிப்படையில் உயர்த்தப்படும் என்பது இரண்டாவது. பயணப்படியும் எரிபொருள் செலவும் தனியாகத் தரப்படுகின்றனவா, ஊதியத்துக்குள்ளேயே அடக்கமா என்பது மூன்றாவது. நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் நெடுந்தொலைவு செல்லும் பணியில் இது சிறு தொகை ஆகாது. கடையிலிருந்து பணம் வராவிட்டாலோ சரக்கு திரும்பி வந்தாலோ முன்பு கொடுத்த ஊக்கத்தொகை திரும்பப் பிடிக்கப்படுமா என்பது நான்காவது. மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காக வினியோகஸ்தரின் கிடங்கில் விற்காத சரக்கைக் குவிக்கும் பழக்கம் உள்ள பகுதியானால், புதிதாகச் சேருபவர் முதல் சில மாதங்களில் ஆர்டர் எடுக்கவே இயலாமல் போகும் என்பதால், கிடங்கு இருப்பைப் பற்றிக் கேட்பதும் அவருடைய உரிமை.

சட்டம் தரும் நிழல்

படி இறங்குவதால் கிடைக்கும் நன்மை ஒன்று பெரும்பாலோர் கவனத்துக்கு வருவதில்லை. ஆட்குறைப்பின்போது இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டக் கடமை தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருவோரைப் பொறுத்ததே; மேலாளர்கள் அதில் அடங்குவதில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தின்படி, ஓராண்டு தொடர்பணி முடித்த தொழிலாளரை ஆட்குறைப்பில் நீக்குவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தரப்பட வேண்டியிருந்தது. மெடிக்கல் ரெப்புகள் இந்தச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் அத்யந்தயா எதிர் சாண்டோஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் மெடிக்கல் ரெப்புகள் உள்ளிட்ட விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்றே 1976இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம், தொழிற்தகராறுகள் சட்டத்தின் பாதுகாப்பை அவர்களுக்கும் விரித்திருந்தது. பணி நியமன ஆணையையும் ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் அது கட்டாயமாக்கியிருந்தது. 1963இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ, விற்பனைப் பிரதிநிதிகள் சங்கங்களின் கூட்டமைப்பு போன்ற அமைப்புகளின் நெடிய போராட்டம் இந்தப் பாதுகாப்புக்குப் பின்னால் உள்ளது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுகள் சட்டத் தொகுப்பு, தொழிலாளர் என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே விற்பனை மேம்பாட்டு ஊழியர்களைச் சேர்த்துள்ளது. மேலாண்மைப் பணியில் உள்ளவர்களையும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களையும் விலக்கியுள்ளது. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள் தொகையை, மறுதிறன் பயிற்சி நிதியின் வழியே 45 நாள்களுக்குள் அவர் கணக்கில் சேர்க்கவும் அது வகை செய்கிறது. மேலாளராக இருந்தபோது நியமன ஆணையில் குறிக்கப்பட்ட முன்னறிவிப்புக் காலத்தைத் தவிர ஆட்குறைப்புக்கென வேறொன்றும் கோர இயலாமல் வெளியேறியவர், கீழ்நிலை விற்பனைப் பணியில் சேர்ந்ததும் இந்தப் பாதுகாப்பின் எல்லைக்குள் வரக்கூடும். பதவியின் பெயர் இங்கே முடிவு செய்வதில்லை. ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலையின் தன்மையையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தமக்குக் கீழ் ஒருவரும் இல்லாமல் பகல் முழுவதும் தாமே விற்றுக்கொண்டிருப்பவரின் பெயர்ப்பலகையில் மேலாளர் என்றிருந்தாலும் அவர் உரிமை அதனால் மட்டும் போய்விடாது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத பணியானால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மருத்துவ வசதியும் சேர்கிறது.

பழைய நிறுவனத்திடமிருந்து வர வேண்டியவற்றையும் மறத்தலாகாது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டவருக்கோ விலகியவருக்கோ சேர வேண்டிய ஊதியம் இரண்டு வேலை நாள்களுக்குள் தரப்பட வேண்டும். ஐந்தாண்டு தொடர்பணி முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. வருங்கால வைப்பு நிதிக் கணக்கை அவசரத்தில் முடித்துவிடாமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஏனெனில் ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுப் பணிக்காலத்தில் பழைய ஆண்டுகளும் சேர்ந்து கணக்கிடப்படும்.

ஆட்குறைப்புக்குப் பதிலாக அதே நிறுவனமே கீழ்ப்பதவி ஒன்றைத் தர முன்வரும்போது ஓர் இடர் மறைந்திருக்கிறது. பணிக்கொடை கடைசியாகப் பெற்ற ஊதியத்தைக் கொண்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அதில் 26இல் 15 பங்கு என்று கணக்கிடப்படுகிறது. 52,000 ரூபாய் ஊதியத்தில் பத்தாண்டு முடித்தவருக்கு 3,00,000 ரூபாய் சேரும். அவர் 39,000 ரூபாய்க்கு இறங்கிச் சில நாள்களிலேயே விலக நேர்ந்தால் அதே பத்தாண்டுக்கு 2,25,000 ரூபாய்தான் வரும். பணிக்கொடைச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டபோது, உடல் இயலாமையால் குறைந்த ஊதியத்துக்கு மாறியவர்களின் முந்தைய ஆண்டுகளுக்கு மட்டுமே பழைய ஊதியத்தைக் கொள்ள வகை செய்யப்பட்டது. எனவே உள்மாற்றத்தை ஏற்பவர், மாறும் நாள்வரையிலான பணிக்கொடை பழைய ஊதியத்தில் காக்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் வரி பலரை அச்சுறுத்துகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. பணி முடிந்த பிறகும் நீளும் இத்தகைய தடையை இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையோ விலை விவரங்களையோ எடுத்துச் செல்வது நம்பிக்கை மீறலாகும். அறிமுகமும் அனுபவமும் ஒருவருடைய சொந்தம், கோப்புகள் நிறுவனத்தின் சொந்தம்.

வீட்டிலும் அலுவலகத்திலும்

வேலை என்பது வருமானம் மட்டுமன்று என்பதை ஆஸ்திரியாவின் மரியெந்தால் கிராமத்தில் நூற்பாலை மூடப்பட்ட பின் மேற்கொள்ளப்பட்டு 1933இல் வெளிவந்த ஆய்வு விரிவாகக் காட்டியது. அந்த ஆய்வாளர்களுள் ஒருவரான மரீ யஹோதா, நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர் தொடர்பு, பொது நோக்கம், சமூக நிலை, இடையறாத செயல் ஆகிய ஐந்தையும் வேலை மறைமுகமாக அளிக்கிறது என்று பின்னர் வகுத்துரைத்தார். கீழ்நிலை விற்பனைப் பணி இந்த ஐந்தில் சமூக நிலையை மட்டுமே குறைக்கிறது. மற்ற நான்கையும், குறிப்பாக மனிதர் தொடர்பை, முழுமையாகத் திருப்பித் தருகிறது. சமூக நிலை குறைவதன் வலியோ மெய்யானது. பெண் பார்க்கும் பேச்சிலும் உறவினர் விசேஷங்களிலும் பதவியின் பெயரே முதலில் விசாரிக்கப்படும் சமூகத்தில், குடும்பத்தார் அந்தப் பெயரை மறைக்க முயன்றால் வேலைக்குச் செல்பவர் இரு மடங்கு சுமக்கிறார். அவர்கள் இயல்பாகச் சொல்லத் தொடங்கினால் சுமை பாதியாகிறது.

தம்மைவிடப் பத்து வயது இளையவரிடம் நாள்தோறும் கணக்கு ஒப்புவிப்பது மற்றொரு சோதனை. முதல் சில மாதங்களில் பழைய நிறுவனத்தின் நடைமுறைகளை மேற்கோள் காட்டித் திருத்த முற்படாமல், தம் பகுதியின் எண்களைச் சீராக்கிக் காட்டுவதே நம்பிக்கையைப் பெறும் வழி. மேலாளராக இருந்தவருக்கு, தமக்கு மேல் இருப்பவரின் நெருக்கடி எது என்று பிறரைவிட நன்றாகத் தெரியும். மாதக் கடைசியில் எந்த எண் கேட்கப்படும் என்பதை அறிந்து முன்கூட்டியே தருபவரை எந்த இளைய மேலாளரும் போட்டியாளராகக் கருதுவதில்லை.

மறுக்க வேண்டிய வேலைகள்

சேருவதற்கு வைப்புத்தொகை கேட்கும் வேலை, நிலையான ஊதியமே இல்லாமல் தரகுத்தொகை மட்டும் தரும் முகவர் பணியை வேலைவாய்ப்பு என்று விளம்பரம் செய்வது, உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முதலில் விற்கச் சொல்லும் ஏற்பாடு, நியமன ஆணை தர மறுக்கும் நிறுவனம் ஆகியவற்றை எந்த நெருக்கடியிலும் விலக்கிவிட வேண்டும். வாங்குபவருக்குத் தீங்கு என்று தெரிந்தே ஒரு பொருளை விற்க வேண்டிய பணியும் இவற்றோடு சேர்ந்ததே. ஆண்டுகள் பல உழைத்துச் சேர்த்த நற்பெயரை அது ஒரு பருவத்துக்குள் அழித்துவிடும்.

இவை நீங்கலாக, பழகிய சந்தை, எழுத்தில் உறுதியான ஊதியம், எட்டக்கூடிய இலக்கு ஆகிய மூன்றும் அமைந்த வேலையைப் பதவியின் பெயர் கருதி மறுப்பது சரியன்று. ஏற்கும்போதே பதினெட்டு மாதமோ இரண்டு ஆண்டோ என ஒரு காலவரையை மனத்தில் கொண்டு, அதற்குள் மேல்நிலைக்குச் செல்லும் வழி அந்த நிறுவனத்தில் திறக்கிறதா என்று பார்த்து, திறக்காவிட்டால் புதுப்பித்த அறிமுகங்களோடு வெளியே தேடுவது முறையான திட்டமாகும். நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வெளியேற்றப்படுகிறவருக்கு அவர் எட்டிய விற்பனை எண்களைக் குறிப்பிட்டுச் சான்று வழங்குவதும், கீழ்நிலைப் பணிக்கு விண்ணப்பிக்கும் மூத்தவரை வயதையும் பழைய சம்பளத்தையும் காட்டி முதல் சுற்றிலேயே தள்ளிவிடாமல் இருப்பதும் செலவில்லாத செயல்கள். ஒருவருக்குப் பதவியைத் தந்த நிறுவனம் அதை ஒரே நாளில் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறது. கடைக்காரரும் மருத்துவரும் அவர் சொல்லில் வைத்த நம்பிக்கையை எடுத்துக்கொள்ள அந்த நிறுவனத்தால் இயலாது. அந்த நம்பிக்கையை உயிரோடு காக்கும் வேலை எந்தப் படியில் இருந்தாலும், அதை ஏற்கிறவர் தலை நிமிர்ந்தே ஏற்கலாம்.